பட்டியலிற் பெயரிடும் கை

நூல் நிலையத்துட் புகும் ஒருவர் முதலிற் காண்பது நூலை அன்று; நூற்பட்டியலையே. முன்னர் அஃது இழுப்பறைகளில் அடுக்கிய சீட்டுகளாக இருந்தது. இன்று கணினித் திரையில் இருக்கிறது. இன்ன பொருள் பற்றிய நூல்கள் எவை என்று கேட்பார்க்கு விடை கூறுதற்பொருட்டு ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தலைப்பு இடப்பட்டிருக்கும். அத்தலைப்பை இட்டவர் யார், யாரைக் கேட்டு இட்டார் என்று நம்மில் எவரும் வினவுவதில்லை. அச்சில் வந்தவற்றை எல்லாம் நடுநிலை என்று நம்பிப் பழகிவிட்டோம்.

பல நாட்டு நூல் நிலையங்கள் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புகளையே எடுத்தாளுகின்றன. அத்தொகுப்பு வேலை 1898 இல் தொடங்கிற்று. ஆதலின் அங்கே ஒரு சொல் பிழைபட்டால் அப்பிழை கடல் கடந்தும் செல்லும். ஸான்போர்டு பெர்மன் என்னும் அமெரிக்க நூலகர் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டிற் பணியாற்றியபோது, ‘காபிர்கள்’ என்னும் தலைப்பு அம்மக்களுக்கு எத்துணை இழிசொல் என்பதை உணர்ந்தார். விடுதலை பெற்ற நாட்டின் நூலகத்திலே அந்நாட்டாரே வசைப்பெயரால் அடுக்கப்பட்டிருந்தனர்! 1971 இல் அவர் நூலொன்று வெளியிட்டு, இத்தகைய தலைப்புகளை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். ‘மஞ்சள் அபாயம்’ என்பது ஒன்று. ‘யூதப் பிரச்சினை’ என்பது மற்றொன்று. யூதரிடத்தோ பிரச்சினை இருந்தது? அவரைத் துன்புறுத்தியோரிடத்தன்றோ இருந்தது!

பெயரை மாற்றினாற் சம்பளம் உயருமா என்று கேட்கும் நண்பர் உளர். கேள்வி நியாயமானதே, உயராது. ஆயினும் அவரை ஒன்று கேட்கிறோம். கூலி என்பது நம் மொழியில் உழைப்பின் ஊதியத்திற்குப் பெயர். அதே சொல்லை ஆளுக்குப் பெயராக்கிக் கப்பற் பதிவிலும் தோட்டக் கணக்கிலும் எழுதினார்கள். (ஆளைக் குறித்த அச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞர் வழக்கிடுவர், அது நிற்க.) வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னும், வேலையையே விட்ட பின்னும், அப்பெயர் ஆளை விடவில்லை. மகன் பள்ளிக்கூடம் போனபோது அவனுக்கு முன்னே அது போய் உட்கார்ந்திருந்தது. நம் பாட்டன்மார் பட்ட இதனை அறிந்த நாமா ‘வெறும் பெயர்தானே’ என்பது?

2014 இல் அமெரிக்காவிலுள்ள டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள், ‘சட்டவிரோத அந்நியர்’ என்னும் தலைப்பை நீக்கவேண்டும் என்று விண்ணப்பித்தனர். 2016 இல் காங்கிரஸ் நூலகம் இணங்கிற்று. உடனே கீழ்ச்சபையில் எதிர்ப்புக் கிளம்பிற்று. சட்டத்தில் உள்ள சொல்லையே நூலகமும் ஆளவேண்டும் என்று செலவு மசோதாவின் வாயிலாக நெருக்கினார்கள். முடிவில் 2021 இலேதான் அத்தலைப்பு மாறியது. ‘குடியுரிமையற்றோர்’ என்றும், ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என்றும் அதனை இரண்டாகப் பிரித்தனர். சிலர் இதனை அரைகுறை என்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. செயலைச் சட்டவிரோதம் என்னலாம். அதற்கு நீதிமன்றம் உண்டு. ஒரு மனிதனையே, அவன் மனைவி மக்களையும் சேர்த்து, சட்டவிரோதம் என்பதற்கு எந்த மன்றம் தீர்ப்பளித்தது?

கடுஞ்சொல்லை நீக்கி மென்சொல்லை வைப்பதே இவ்வேலை என்று எண்ணுதல் தவறு. 1942 முதல் அமெரிக்க சர்க்கார் ஜப்பானிய வமிசத்தார் ஏறக்குறைய 1,20,000 பேரைத் தம் வீடுகளினின்றும் பெயர்த்து முகாம்களில் அடைத்தது. பட்டியல் இதனை நெடுங்காலம் ‘வெளியேற்றமும் மறுகுடியமர்த்தலும்’ என்று குறித்தது. வெள்ளத்தினின்று காப்பாற்றியது போல! அச்சொல்லில் வசையேதும் இல்லை, பொய் இருந்தது. பின்னர் அதனைக் ‘கட்டாய அகற்றலும் சிறைவைப்பும்’ என்று திருத்தினர். இங்கே திருத்தம் கடுமையை நோக்கியே சென்றது காண்க.

பழஞ்சொற்களை அழித்தால் வரலாறு அழியாதோ எனின், நூலின் பெயரை எவரும் தொடவில்லை. ஆசிரியன் எழுதிய தலைப்பு ஆசிரியனுடையது; இழிசொல்லாயினும் இருக்கட்டும், அவன் காலத்திற்கு அது சாட்சி. பட்டியலின் தலைப்போ நூலகம் தன் வாயால் நம்மிடம் பேசும் சொல். பழஞ்சொல்லைக் கொண்டு தேடுவோரைப் புதுச்சொல்லுக்கு வழிகாட்டிவிடலாம். அவ்வழிகாட்டியிற் கூட அவ்வசை கண்ணிற் படுமே என்பார்க்கு நம்மிடம் முழு விடை இல்லை.

வாஷிங்டனில் ஹோவர்டு சர்வகலாசாலை நூலகத்திற் பணியாற்றியவர் டாரதி போர்ட்டர் என்னும் கறுப்பினப் பெண்மணி. டூயி வகுத்த தசம முறையில் 325 குடியேற்றம், 326 அடிமைத்தனம். கறுப்பினத்தார் எழுதியது கவிதையாயினும் அதனை இவ்விரண்டு எண்களிலேயே போட்டுவைக்கும் வழக்கம் நூலகங்களில் இருந்தது. போர்ட்டர் அந்நூல்களை எடுத்து, கவிதையைக் கவிதையோடும் இசையை இசையோடும் சரித்திரத்தைச் சரித்திரத்தோடும் வைத்தார்.