வேரடியில் குனிந்தவர்



தவக்காலத்தின் இந்த மூன்றாம் ஞாயிறில் லூக்கா 13-ஆம் அதிகாரத்தின் காய்க்காத அத்திமரத்தைப் பற்றிக் கேட்டோம். அந்த மரம் எங்கே நின்றது, கவனித்தீர்களா? திராட்சைத் தோட்டத்தில். கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு விளக்கம் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் விடியற்காலையில் பந்தலடியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் பூசைக்கு வந்திருப்பீர்கள்.

மூன்று ஆண்டாகக் கனியில்லை, வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். தோட்டக்காரர் மரத்தை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் கண் மண்ணுக்குப் போகிறது. சுற்றிலும் கொத்திவிடுகிறேன், எரு வைக்கிறேன், இந்த ஓராண்டு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார்.

நம் பன்னீர் திராட்சை 1832-இல் பிரெஞ்சு குரு ஒருவர் கொண்டுவந்த கொடி என்று சொல்வார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆண்டு முழுவதும் இங்கே ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கிறது. கொடிக்கு ஓய்வு குறைவு. மண்ணுக்கு ஓய்வே இல்லை. பந்தலடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். பல தோட்டங்களில் தரை சிமெண்டுபோல இறுகிக் கிடக்கிறது. மண்வெட்டி போட்டால் ஒரு மண்புழு இல்லை. உரமும் மருந்தும் களைக்கொல்லியும் கடன் வாங்கித்தான் போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

தண்ணீருக்கு நன்றி சொல்லத் தெரிந்த ஊர் இது. 1895-இல் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்கின் பிறந்தநாளில் இன்றும் பொங்கல் வைக்கிறோம். அந்தத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும் மண்ணை மறந்துவிட்டோமே!

ஏழாம் ஆண்டு நிலம் ஓயட்டும், திராட்சையைக் கவாத்து செய்ய வேண்டாம் என்கிறது லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம். தவணை கட்டுகிறவர் ஓராண்டு சும்மா போட முடியாது. ஆனால் கவாத்து முடிந்து, பந்தல் திறந்து, தரையில் வெயில் விழும் நாட்கள் உண்டே. அப்போது வரிசைகளுக்கு நடுவே தக்கைப்பூண்டோ சணப்போ விதையுங்கள். அவற்றின் வேர்முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. பூவெடுக்கும் நேரத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுதுவிடுங்கள். மண் பொலபொலவென்று ஆகும், ஈரம் பிடிக்கும், புழு திரும்பி வரும். வரப்போரம் புங்கன் நின்றால் தழைக்குக் கவலையில்லை. நெல் வயல்காரர்கள் அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுங்கள். உங்கள் தாத்தாக்கள் போட்டதுதான்.

அடுத்த ஆண்டு அந்த அத்தி காய்த்ததா என்று இயேசு சொல்லவில்லை. தோட்டக்காரர் கெஞ்சி நிற்கும் இடத்திலேயே கதையை விட்டுவிடுகிறார்.

பங்கு இல்லத் திண்ணையில் இரண்டு மூட்டை தக்கைப்பூண்டு விதை வாங்கி வைத்திருக்கிறோம். பூசை முடிந்து போகும்போது ஆளுக்கு இரண்டு பந்தல் வரிசைக்கு ஆகும் அளவு அள்ளிக்கொண்டு போங்கள்.