விளக்கு உயிலில் இல்லை

அப்பா தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் தன் நண்பருக்குக் கொடுத்திருந்தார். கூடப் படித்தவர், அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர், சொன்ன சொல் மாறாதவர். அப்பாவுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அந்தச் சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போய் வந்த அப்பாவுக்கு, பீரோவில் கிடந்த உயில் நினைவுக்கு வரவே இல்லை.

வீடு சென்னையில் இருந்தது. அன்றைய சட்டப்படி, இங்குள்ள சொத்துக்கு உயிலை மட்டும் காட்டி உரிமை கோர முடியாது. நண்பர் உயிரோடு இருந்திருந்தால் அவரே நீதிமன்றத்தில் உயிலுக்கான சான்றை, அதாவது புரொபேட்டை, வாங்கியிருப்பார். அவர் இல்லாததால் உயிலை இணைத்து, நிர்வாக உரிமை கேட்டு, நானும் தம்பியும் மனுப் போட்டோம். எதிர்க்க ஆளில்லாத மனுவுக்கே மூன்று வருடம் அலைந்தோம். ஆனால் வீட்டுக்காக நாங்கள் ஒரு நாளும் சண்டை போடவில்லை. சண்டை வந்தது அம்மாவின் காமாட்சி விளக்குக்காக. அது உயிலில் இல்லை. எனக்கென்று அம்மா சொன்னதாக எனக்கு நினைவு. மருமகளுக்கென்று சொன்னதாகத் தம்பிக்கு நினைவு. இருவருமே பொய் சொல்லவில்லை. விளக்கு தம்பி வீட்டுக்குப் போனது. இரண்டு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவின் நண்பர் இருந்து, "அம்மா இப்படித்தான் நினைச்சிருப்பாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவருமே கேட்டிருப்போம்.

இப்போது எனக்கு 66 வயது. என் உயிலில் யாருக்கு எது என்று எழுத ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. நிறைவேற்றுகிறவரின் பெயரை எழுத வேண்டிய இடம் மட்டும் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்குப் பெரிய தகுதி எதையும் கேட்பதில்லை. வயதுக்கு வந்தவராக, சித்த சுவாதீனம் உள்ளவராக இருந்தால் போதும். ஆனால் சுமை பெரிது. ஈமச் செலவை முதலில் கொடுத்து, கடன்களை அடைத்து, மிச்சத்தை எழுதியபடி சேர்க்க வேண்டும். புரொபேட் வாங்கினால் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்துக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் தர வேண்டும். வேண்டாமென்று அவர் மறுக்கவும் சட்டத்தில் வழி உண்டு. அதனால்தான் கேட்காமல் ஒருவர் பெயரை எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

கொள்ளி வைக்கிறவன் கையில் இதையும் கொடுப்பது நம் வழக்கம். என் மகன் தங்கமானவன். தங்கை கண் கலங்கினால் தன் பங்கையும் கொடுத்துவிடுவான், பிறகு வருடக்கணக்கில் மனசுக்குள் வைத்துப் புழுங்குவான். அவனுக்கு அந்தப் பாரம் வேண்டாம். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள்.

அந்த நாட்களில் ஆல்ஃபிரட் நோபலின் உயிலைப் பற்றிப் படித்தேன். 1895 நவம்பர் 27ஆம் தேதி பாரிசில் கையெழுத்திட்ட அந்த உயிலில் அவர் குறித்த இருவரும் பொறியாளர்கள். அவர்களில் ஒருவர், நோபலிடம் உதவியாளராக இருந்த ராக்னர் சோல்மன். மறு வருடம் டிசம்பரில் நோபல் இறந்தபோது சோல்மனுக்கு வயது 26. உறவினர்கள் எதிர்த்தார்கள், ஸ்வீடன் மன்னருக்கே அந்த உயில் பிடிக்கவில்லை. அதையெல்லாம் தாண்டி, அந்த உயில் சொன்னபடி 1901இல் முதல் நோபல் பரிசுகள் வழங்கப்பட்டன. என் மனதில் தங்கியது நோபலின் அண்ணன் மகன் இமானுவேல். இந்த உயிலால் இழக்கப்போகிறவர்களில் அவரும் ஒருவர். அவர்தான் சோல்மனுக்கு ஒரு ரஷ்யச் சொல்லை நினைவுபடுத்தினார். உயிலை நிறைவேற்றுபவருக்கு அந்த மொழியில் உள்ள பெயரிலேயே ஆன்மா என்ற சொல் இருக்கிறது. போனவரின் ஆன்மாவுக்காகப் பேசுகிறவர் என்று அதற்கு அவர் பொருள் சொன்னார். எழுதாமல் விட்ட இடத்திலும் என் மனசு எப்படிப் போகும் என்று தெரிந்த ஒருவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

தம்பி மகளைக் கேட்டேன். வங்கியில் வேலை பார்க்கிறாள். நாமினியாகப் பெயர் இருந்தாலே பணம் தனக்குத்தான் என்று நம்பி வந்து, உடன்பிறந்தவர்களோடு கவுண்டரில் நின்று சண்டை போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். என் உயிலில் அவளுக்கு எதுவும் இல்லை. அதையும் சொல்லித்தான் கேட்டேன்.

உடனே சரியென்று சொல்லியிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும். "ஒரு வாரம் டைம் குடுங்க அத்தை" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு வந்தாள். லாக்கர் சாவி எங்கே, கைமாற்றாக யாருக்காவது தர வேண்டியிருக்கிறதா, அண்ணனிடம் நீங்களே சொல்லிவிட்டீர்களா, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்து யார்? கடைசிக் கேள்வியில் எனக்கு அப்பாவின் நண்பர் நினைவு வந்தது. மாற்றாக இன்னொரு பெயரையும் அன்றே முடிவு செய்தோம். மகனுக்கு அவள் எதிரிலேயே போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளே செய்யட்டும்மா, எனக்கு அது முடியாது" என்றான்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அத்தை, எங்க வீட்டு விளக்கு மாதிரி, இங்க எழுதாம விட்டது என்னென்ன இருக்கு?"

அவளை மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். சமையலறையிலிருந்து ஆரம்பித்தோம்.