மதிப்பெண்ணும் மதிப்பீடும்

ஓர் ஓவியத்தின் மேல் ஓர் எண்ணை இடும்போது நாம் எதை எண்ணுகிறோம்? ஓவியத்தையா, அதை வரைந்தவனையா, நான்கு வருஷப் படிப்பில் அவனுக்குள் நிகழ்ந்த ஏதோ ஒன்றையா? கவின்கலைக் கல்லூரிகளில் வருஷா வருஷம் நடந்துகொண்டிருக்கும் காரியம் இது. ஆனாலும் இந்தக் கேள்வி அங்கே எழுவதில்லை. எழுவதெல்லாம் எப்படி இடுவது என்பதுதான்: எத்தனை கட்டங்கள், கட்டத்துக்கு எவ்வளவு, தேர்ச்சிக்கு எவ்வளவு. தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு 1994ல் தோன்றிய பின்பு, அதிலும் சமீப வருஷங்களில், ஒவ்வொரு பாடத்துக்கும் ‘கற்றல் விளைவுகள்’ என்றொரு பட்டியலையும் முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டியிருக்கிறது. பருவ முடிவில் மாணவன் இன்னின்னது செய்ய வல்லவனாவான் என்று பருவத் தொடக்கத்திலேயே ஆசிரியர் எழுதிவிடுகிறார். இன்னும் வரையப்படாத படத்தின் குணங்கள் அவருக்குத் தெரிந்துவிடுகின்றன.

இதற்கு எதிர்க்குரலும் உண்டு. கலையை அளக்க முடியாது, கலைஞனுக்குப் பரீட்சை எதற்கு என்பது அது. முதலாவது நிர்வாகியின் குரல், இரண்டாவது கவிமனம் கொண்டவனின் குரல் என்று நமக்குச் சுலபமாகத் தோன்றிவிடும். நம் அனுதாபமும் இரண்டாவதன் பக்கமே சாயும். ஆனால் இரண்டும் ஒரே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இரண்டு வழிகள் என்பதே என் கட்சி.

கட்டம் போட்டு அளக்கும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1850களில் இங்கிலாந்தில் ஹென்றி கோலும் ரிச்சர்ட் ரெட்கிரேவும் சித்திரக் கல்விக்கு 23 படிகள் கொண்ட ஒரு பாடத்திட்டத்தை வகுத்தார்கள். கருவிகளைக் கொண்டு கோடு போடுவதில் தொடங்கி அலங்கார வடிவமைப்பு, தொழில்நுட்பப் பயிற்சி என்று முடியும் படிகள். தேர்வு முடிவுகளைப் பார்த்துப் பள்ளிகளுக்கு மானியம் தரும் வழக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது. அதே 1850ல்தான் சென்னையில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தம் கலைப்பள்ளியைத் தொடங்கினார். பிறகு அரசாங்கம் ஏற்று நடத்தி இன்றைய கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது அது. அந்தக் காலத்தின் நோக்கம் ஸ்தூலமானது: தேர்ந்த கைவினைஞன், தேர்ந்த அலங்காரம். பார்த்து வரைந்த கோடு மூலத்தோடு பொருந்துகிறதா, இல்லையா என்று கேட்கலாம், பதிலும் கிடைக்கும். அந்த அளவில் அந்த முறையில் பொய் இல்லை. அது எதை விரும்பியதோ அதையே அளந்தது.

நோக்கம் மாறியபோதுதான் சிக்கல் பிறந்தது. 1929ல் தேவி பிரசாத் ராய் சௌதுரி சென்னைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார், 1957ல் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வரானார். இப்போது வேண்டியிருந்தது சரியான கோடு அல்ல, சொந்தக் கோடு. சொந்தமானது என்பதன் பொருளே முன்கூட்டிச் சொல்ல முடியாதது என்பதுதான். ஓவியம் பயின்று கல்வித்துறைக்கு வந்த அமெரிக்கர் எலியட் ஐஸ்னர் 1960களின் இறுதியில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். கற்பிப்பதில் சில நோக்கங்களை முதலிலேயே சொல்லிவிட முடியும். வேறு சில, நிகழ்ந்த பிறகே தாம் என்னவென்று தெரிவிக்கும். நம் கல்லூரிகள் இரண்டாவது வகையை விரும்புவதாகச் சொல்லிக்கொண்டு முதலாவது வகைக்குரிய தாளில் மதிப்பெண் இடுகின்றன. 1966ல் பணிக்கரைச் சுற்றி இருந்தவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை அமைத்தபோது, பாடிக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். பட்டயம் பெற்றவனுக்கு அந்தப் பட்டயம் சோறு போடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அங்கே ஒருவன் மற்றவனை மதிப்பிட்டது பக்கத்துக் குடிசையில் வேலை செய்துகொண்டேதான். மதிப்பிட்டவனின் படமும் கண்ணெதிரே இருந்தது.

அளக்கவே முடியாது என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வகுப்பில் தினமும் என்ன செய்கிறீர்கள்? ‘இந்தக் கோடு செத்துக் கிடக்கிறது’, ‘இந்த மூலையில் நீ பார்க்காமலே வரைந்திருக்கிறாய்’ என்று மாணவனிடம் சொல்லாத ஆசிரியர் யார்? அது தீர்ப்பில்லையா? வருஷம் முழுக்கத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கடைசி நாளில் தீர்ப்பு சாத்தியமில்லை என்பது தத்துவம் அல்ல, நழுவல். தவிர, ஆசிரியன் தீர்ப்பை மறுத்தால் தீர்ப்பே இல்லாமல் போய்விடுவதில்லை. அது வேறு கைகளுக்குப் போகிறது. காலரிக்காரன் தீர்மானிக்கிறான்; வாய்மொழித் தேர்வில் ஆங்கிலம் தீர்மானிக்கிறது; பிறந்த குடும்பம் தீர்மானிக்கிறது.

நிகழ்த்துகலையில் இந்தப் பிரச்னை இன்னும் கூர்மையாகிறது. அங்கே பொருள் எஞ்சுவதில்லை. ஆடி முடித்ததும் ஆட்டம் போய்விடுகிறது. நம்மிடம் உள்ள மிகப் பழைய தேர்வுக் குறிப்பு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டு வயதில் சோழனின் முன் ஆடிக் காட்டுகிறாள். அந்தக் காதையில் என்னை எப்போதும் நிறுத்துவது ஒரு விஷயம்: மாணவியின் தகுதிகளைவிட அவளைச் சுற்றி நிற்பவர்களின் தகுதிகளே விரிவாகச் சொல்லப்படுகின்றன. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவனுக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல். பிறகு அரங்கின் அளவு: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அளக்க வேண்டியவற்றை இளங்கோ அளந்துவிடுகிறார். மேடையை விரற்கணக்கில் அளக்கிறார். ஆட்டத்துக்கு எண் கிடையாது. அன்று மேடையில் சோதனைக்கு நின்றவள் மாதவி மட்டும் அல்ல. அவள் தவறினால் ஆறு ஆசான்களும் தவறியவர்கள்.

ஆனால் காதை அதோடு முடியவில்லை. அரசன் முறைப்படி தலைக்கோல் பட்டமும், 1008 கழஞ்சு பொன் மதிப்புள்ள மாலையும் தருகிறான். மாலை உடனே நகர நம்பியர் திரியும் வீதிக்குப் போகிறது. அதே 1008 கழஞ்சு கொடுத்து வாங்குபவன் மாதவிக்குக் கொழுநன். கோவலன் வாங்குகிறான். கலைக்குத் தந்த மதிப்பு ஒரே மூச்சில் பெண்ணின் விலையாகிவிடுகிறது. எண்ணின் இயல்பு இதுதான். எங்கிருந்து வந்தது என்ற நினைவு அதற்கு இல்லை. எந்தச் சந்தையிலும் செல்லுபடியாகும். இன்று சான்றிதழில் ஏறும் எண் வேலை விண்ணப்பத்துக்கும் கல்யாணப் பேச்சுக்கும் போகும்போது அதில் ஓவியம் எங்கே இருக்கிறது?

எண்ணைக் கண்டு சிரிப்பது சுலபம். ரவேலின் கதையை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பாரீஸ் கன்ஸர்வேட்டரியைச் சேர்ந்தவர்கள் போட்டியிடும் ரோமாபுரிப் பரிசுக்கு அவர் ஐந்து முறை முயன்றார். 1905ல், நால்வர் கருவிக் குழுவுக்கான படைப்பால் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த நிலையில், முதல் சுற்றிலேயே நீக்கப்பட்டார். இறுதிக்கு வந்த அத்தனை பேரும் நடுவர்களில் ஒருவரான லெனெப்வூவின் மாணவர்கள். பத்திரிகைகள் கொதித்தன. அந்த வருஷமே தூபுவா இயக்குநர் பதவியை விட்டுப் போக, ரவேலின் ஆசிரியர் ஃபோரே அந்த இடத்துக்கு வந்தார். ரவேலின் தாளில் இலக்கணப் பிழைகள் இருந்தன என்பதும் சேர்த்துச் சொல்லவேண்டியது. கட்டங்களின்படி நடுவர்கள் பேரில் பெரிய குற்றம் காண முடியாமலும் போகலாம். ஆயினும் அவர்கள் தீர்ப்புக்கு உள்ளானார்கள். ஏனென்றால் அவர்களுக்குப் பெயர் இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது ரவேலின் தோல்வி அல்ல, இதுதான்.

ஓரிரு கல்லூரிகளில் புறத்தேர்வாளனாக உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு மாணவன் ஒரு காலத்தில் சினிமா பேனர் எழுதிய குடும்பத்திலிருந்து வருகிறான். கை ஏற்கெனவே தேர்ந்திருக்கிறது. நான்கு வருஷத்தில் அதே கையோடு வெளியே போகிறான். இன்னொருத்தி முதல் வருஷம் ஒரு குடத்தைக்கூட நிமிர்ந்து நிற்க வைக்கத் தெரியாமல் வந்தவள். இப்போதும் படம் சுமார்தான். ஆனால் நிழல் என்பது கறுப்பல்ல என்று அவள் கண் கண்டுகொண்டிருக்கிறது. ஸ்கெட்ச் புத்தகங்களை வரிசையாகப் புரட்டினால் அது நிகழ்ந்த பக்கத்தைக்கூடக் காட்டிவிடலாம். கற்றவர் யார்? சுவரில் மாட்டிய படத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் அவன். கற்றலுக்கு என்றால் அவள். தாளில் ஒரே ஒரு கட்டம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி வரும் எண் இருவரைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

ஆகவே இரண்டையும் பிரிக்கலாம். சட்டகம் அடிப்பது, வர்ணம் குழைப்பது, தாளம் பிசகாமல் நிற்பது போன்றவற்றுக்கு எண் இடுங்கள். அங்கே அது பொய் சொல்லாது. பார்வைக்கு எண் வேண்டாம். தேர்வாளன் நான்கு வாக்கியங்கள் எழுதட்டும்: என்ன கண்டேன், எங்கே கண்டேன், எது இல்லை. கீழே கையெழுத்திடட்டும். மாணவன் அதைப் படிக்கட்டும். பதில் எழுதவும் இடம் இருக்கட்டும்.

இதற்குப் பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு. எண்ணின் முகமின்மைதான் மாணவனுக்குப் பாதுகாப்பு, ஆசிரியனின் ஜாதியும் கோபமும் வாக்கியத்தில் புகுந்துவிடும் என்பார்கள். வேதியியல் தாளுக்கு இது பொருந்தும். அங்கே பெயரை மறைத்துப் போலி எண் இட முடியும். ஓவியத்தில் கையே பெயர். ஆடும் உடலை எந்த எண்ணால் மறைப்பது? முகமின்மை இங்கே மாணவனுக்குக் கிடைப்பதில்லை, தேர்வாளனுக்கு மட்டுமே கிடைக்கிறது. பகை கொண்டவன் 34 என்று எழுதிவிட்டுக் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம். வாக்கியத்தில் எழுதிய பகை அங்கேயே கிடக்கும். யாரும் எடுத்துக் காட்டலாம்.

மதிப்பிடுவது தவறல்ல. தான் மதிப்பிடப்படாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு மதிப்பிடுவதுதான் தவறு. இது கல்லூரிகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று இந்தப் பக்கங்களைப் படிக்கும் நண்பர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். முக்கியமான கவிகள் இத்தனை பேர், தேறாதவர்கள் இத்தனை பேர் என்று காரணம் சொல்லாமல் நாம் போடும் பட்டியல்களும் மதிப்பெண் தாள்களே. கவிதையின் எந்த வரியில் நின்று அப்படிச் சொல்கிறோம் என்று காட்டாதவரை, நாமும் கட்டத்தை நிரப்பிவிட்டு எழுந்து போகிறவர்கள்தான்.