பெறுபேறு வந்த மாலை

சுவிஸ் பள்ளிகளில் 6 தான் உச்சப் புள்ளி; 4 எடுத்தால் சித்தி. அதற்குக் கீழே 3.5 என்று விழுந்துவிட்டால், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டுப் படி ஏறுவதே மலையாகிவிடும். அம்மாவின் வாடிய முகம், ஊரிலிருந்து வரும் தொலைபேசி, "அவையின்ர மகள் ஜிம்னாசியம் (பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்பள்ளி) போறாளாம்" என்ற பேச்சு: புள்ளியைவிட இவைதான் அதிகம் சுடும்.

தோல்வி மேதைகளுக்கும் வந்ததுதான். இதே நாட்டின் பாசல் நகரில் 1707இல் பிறந்தவர் கணித மேதை லியோனார்ட் ஆய்லர். பாரிஸ் அறிவியல் கழகத்தின் 1727ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டியில் அவருக்கு முதலிடம் கிடைக்கவில்லை. சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கேட்ட இயற்பியல் பேராசிரியர் பதவியும் கிட்டவில்லை. அதே ஆண்டு, இருபது வயது நிறையும் தறுவாயில், ரஷ்யாவுக்குப் புறப்பட்டுப் போனார். பின்னாளில் 'பை' குறியீட்டை உலகெங்கும் நிலைக்கச் செய்தவர் அவர்.

எல்லாப் பிள்ளைகளும் ஆய்லர் ஆக வேண்டியதில்லை. இந்த நாட்டில் தொழிற்பயிற்சிக்குப் போன பிள்ளை தொழில்சார் மத்தூரா என்ற தகுதிச் சான்றிதழ் எடுத்து உயர்தொழிற் கல்லூரிக்குப் போகலாம். மேலும் ஒரு தேர்வு எழுதிப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். அப்படிப் போனவர்கள் நிறையப் பேர் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் வேளை பெறுபேறு வந்த மாலை அல்ல. அன்று அழ விடுங்கள். சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். எங்கே பிழைத்தது என்று சேர்ந்து பார்க்க அடுத்த கிழமை இருக்கிறது.