விரல் எலும்பில் யார் செய்த வினை?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் எல்லா வேலையும் கையால்தான். கூடை தூக்க வேண்டும், செதில் சுரண்ட வேண்டும், வஞ்சிரத்தைத் துண்டு போட வேண்டும். அப்படி உழைக்கிற கையில் லேசாக இடித்ததற்கே சுண்டுவிரல் உடைந்தால், "எந்தப் பிறவியில் செஞ்ச வினையோ!" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

எக்ஸ்ரேயில் காரணம் தெரியும். விரலின் அடியெலும்புக்குள் ஒரு பொந்து, அதில் சுண்ணாம்புப் புள்ளிகள், சுற்றிலும் மெலிந்த எலும்பு ஓடு. இதற்குப் பெயர் என்காண்ட்ரோமா. கை எலும்புகளில் தோன்றும் கட்டிகளில் இந்தக் குருத்தெலும்புக் கட்டியே மிகச் சாதாரணம். புற்றுநோய் அல்ல, தனியாக ஒன்று வந்தால் அப்படி மாறுவதும் மிக அரிது. படம் எடுக்காமல் புத்தூர் கட்டு போட்டால் எலும்பு கூடலாம், கட்டி உள்ளேயே இருக்கும்.

இத்தகைய கட்டிகள் பலவற்றில் ஐ.டி.எச். என்ற மரபணு மாறியிருப்பதை 2011இல் ஆய்வாளர்கள் கண்டனர். பெற்றோரிடமிருந்து வந்த மாற்றமல்ல அது; கருவான பிறகு உடலின் ஏதோ ஓர் உயிரணுவில் நேர்வது. தாய் தந்தைமேல் பழியில்லை. முற்பிறவியைப் பற்றி ஆய்வுக்கூடம் எதுவும் சொல்லாது. அதைச் சமயத்திடமே கேட்க வேண்டும்.

திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். வினைக்குப் பயன் உண்டென்று பேசத் தெரிந்தவர்கள் உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறையல்லவா என்று முதல் பாட்டிலேயே கேட்கிறார். அவர் காட்டிய வழி சிவத்தொண்டு, சிகிச்சை அல்ல. ஆனாலும் வினையை முழுமையாக நம்பிய அவரே அதைச் சொல்லிச் சும்மா இருக்க இடம் தரவில்லை. நோயாளி தன் துன்பத்துக்குப் பொருள் தேடி வினை என்றால் அது அவர் நம்பிக்கை. பக்கத்தில் நிற்பவர் சொன்னால் அது குற்றம் சாட்டுவது. அதற்கு அவருக்கு உரிமை இல்லை.

சிகிச்சை தெளிவானது. உடைந்த எலும்பைப் பெரும்பாலும் முதலில் கூடவிடுவார்கள். பிறகு எலும்பில் சிறு திறப்பு வைத்துக் கட்டியைச் சுரண்டி எடுத்து, தேவையானால் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துகளால் நிரப்புவார்கள். சுரண்டியதைப் பரிசோதிப்பவர் எக்ஸ்ரேயையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கைவிரல் கட்டியின் உயிரணுக்கள் நுண்ணோக்கியில் உள்ளதைவிட மூர்க்கமாகத் தெரியும். தொந்தரவு தராத கட்டியைத் தொடாமல் கண்காணித்தாலே போதும்.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், மருந்துக்கும் ஒன்று. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தில் சேர்க்கிறது. மார்க்கெட்டில் அந்த நான்காமவர் பக்கத்துக் கடைக்காரர்தான்: கட்டுப் போட்ட கை ஆறும்வரை வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளவும், தையல் பிரிக்கும் நாளில் துணைக்குப் போகவும்.