கொடுங்கனவும் மெய்ப்பொருள் கேள்வியும்

போர், வன்முறை, விபத்து ஆகியவற்றில் தப்பியவர்களுக்கு அதே காட்சி கனவில் திரும்பத் திரும்ப வருவதுண்டு. கனவு பொய் என்றால், அது தரும் துன்பமும் பொய்தானா என்பது இந்திய மெய்யியலில் பழைய கேள்வி.

கனவுக்கு மூன்று காரணங்களை வைசேடிக மெய்யியலாளர் பிரசஸ்தபாதர் கூறுகிறார்: முந்தைய அனுபவம் மனத்தில் பதித்த சம்ஸ்காரத்தின் வலிமை, உடலின் வாத பித்த கபக் கோளாறு, அதிருஷ்டம் எனும் முன்வினை. பழைய அதிர்ச்சியால் வரும் கனவு முதல் வகையைச் சேரும். சங்கரர் பிரம்மசூத்திர உரையில் கனவுப் பாம்பை எடுத்துக்காட்டுகிறார். விழித்ததும் பாம்பும் கடியும் பொய்யாகிவிடுகின்றன. ஆனால் அவற்றைக் கண்ட அறிவு பொய்யாவதில்லை. ஆகவே, 'வெறும் கனவுதானே' என்ற ஆறுதல் பாதி உண்மையே.

சமயங்கள் நடைமுறை வழிகளையும் தந்துள்ளன. கெட்ட கனவு கண்டவர் இறைவனிடம் பாதுகாப்புத் தேடி, இடப்பக்கம் மும்முறை இலேசாகத் துப்பி, மறுபக்கம் புரண்டு படுக்க வேண்டும் என்கின்றன நபிமொழிகள். பௌத்த நூலான அங்குத்தர நிகாயம் மைத்திரி எனும் அன்புத் தியானத்துக்குச் சொல்லும் 11 பயன்களில் தீய கனவு வராமையும் ஒன்று.

இன்றைய உளவியலில் கற்பனை ஒத்திகை என்றொரு சிகிச்சை உண்டு. கனவை எழுதி, முடிவை விருப்பம்போல் மாற்றி, விழித்திருக்கும்போதே நாள்தோறும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது அதன் முறை. நடந்ததை அது மறுப்பதில்லை. சம்ஸ்காரத்தின் மேல் புதிய பதிவொன்றை இடுகிறது.