முதல் பருவத்திலேயே தீர்ப்பா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில், அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் ஓர் அணி 18 வயது இளைஞரைத் தேர்ந்தெடுத்த அன்றிரவே, ரசிகர்கள் அவருடைய எதிர்காலத்தைக் கணித்து முடித்துவிடுகிறார்கள். 2022 ஜூலையில் மாண்ட்ரியல் அணி, முதல் தேர்வாக ஸ்லோவாக்கியாவின் யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி பெயரை அறிவித்தபோது, அந்த இடத்தில் ஷேன் ரைட் என்ற இன்னோர் இளைஞரை எதிர்பார்த்திருந்த சொந்த ஊர் ரசிகர்கள் பலர் திகைத்துப்போனார்கள். முதல் பருவத்தில் 39 ஆட்டங்கள், 4 கோல்கள், பிறகு காயம். கவலை கூடியது. அடுத்த பருவத்தில் அவரே 82 ஆட்டங்களிலும் ஆடி 20 கோல்கள் அடித்தார். எலும்பும் தசையும் இன்னும் முறுக்கேறாத வயதில், முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரர்களோடு மோதிப் பழக அவகாசம் வேண்டாமா?

காத்திருந்தும் ஏமாந்தவர்கள் உண்டே என்பார்கள். உண்மைதான், 1993-இல் ஒட்டாவாவின் முதல் தேர்வான அலெக்ஸாண்டர் டேக், எதிர்பார்த்த உயரத்தை எட்டவேயில்லை. ஆனால் 1998-இல் 171-ஆவது இடத்தில் டெட்ராய்ட் எடுத்த பாவெல் டாட்சியுக் அந்த ஆட்டத்தின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை இரண்டு முறை வென்றார். ஆயுள் முழுக்க ஆட்டக்காரர்களை எடைபோடும் வல்லுநர்களே இப்படித் தடுமாறும்போது, ரசிகர்களின் அவசரக் கணிப்பை எப்படி நம்புவது? கவலைப்படுங்கள், அது அன்பின் உரிமை. மூன்று பருவங்களாவது பொறுத்து, பிறகு பேசுங்கள்.